தோற்றால் பொங்கும் பிள்ளை: பிறவிச் சுபாவமா, வளர்ப்பா, விளையாட்டா?

மாலைநேரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக மனத்துக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு வயது. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஏறக்குறைய ஒரே விதமான வளர்ப்பு. ஆனாலும் ஆட்டத்தில் தோற்றால் மகள் முகம் சுண்டிப்போய்ச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறாள்; மகனோ பொங்கி எழுகிறான்.

நேற்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். இருவரும் பாம்பும் ஏணியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய காய் 98ஆம் கட்டத்தில் பாம்பின் வாயில் விழுந்தது. ஒரு நொடி அவன் அசையவில்லை. காதுமடல் சிவந்தது, மூக்கு விடைத்தது. அடுத்த நொடி அட்டை தலைகீழாகப் பறந்தது. அக்காளின் தோளில் ஓர் அடி, என்னை நோக்கி ஒரு கூச்சல், பிறகு கட்டிலுக்கு அடியில் புகுந்து சுருண்டுகொண்டான். நான் அதட்ட அதட்டக் கூச்சல் கூடியது. அதட்டுவதை நிறுத்தியதும் அது அழுகையாக மாறியது. கொஞ்ச நேரம் கழித்துக் கன்னத்தில் தூசியும் கண்ணீரும் ஒட்டியிருக்க வெளியே வந்து, "அக்கா, இன்னொரு ஆட்டம் ஆடலாமா?" என்று கேட்டான்.

"முதுகில் இரண்டு வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் சிலர். "ஆண் பிள்ளை அப்படித்தான் இருப்பான்" என்கிறார்கள் வேறு சிலர். வெற்றி தோல்வி உள்ள ஆட்டங்களையெல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். இது அவனுடைய உடம்போடும் மூளையோடும் பிறந்ததா, என் வளர்ப்பில் நேர்ந்த பிழையா, விளையாட்டே அவனைக் கெடுக்கிறதா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

குழந்தைநலம்

வணக்கம் அம்மா. குழந்தை மருத்துவத்தில் நீண்ட காலம் பணிபுரிந்தவன் நான். ஒரு பிள்ளையை நேரில் பார்க்காமல் அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதால், பொதுவாக உறுதிப்பட்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளைகள் வெற்றுப் பலகையாகப் பிறப்பதில்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1956இல் நியூயார்க்கில் தொடங்கி, 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உணர்ச்சியின் வேகம், புதியதை ஏற்கும் விதம், உடலின் ஒழுங்கு, விடாப்பிடி என ஒன்பது கூறுகளில் குழந்தைகள் தொட்டில் பருவத்திலேயே வேறுபடுவதை அவர்கள் பதிவுசெய்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தினர் எளிதில் இணங்கும் சுபாவத்தினர்; 10 சதவீதத்தினர் சமாளிக்கக் கடினமானவர்கள்; 15 சதவீதத்தினர் மெல்ல மெல்லப் பழகுபவர்கள்; எஞ்சியவர்கள் எந்த வகையிலும் அடங்காதவர்கள். அவர்கள் கண்டவற்றுள் நான் மிகவும் மதிப்பது இந்தக் கணக்கை அன்று. பிள்ளையின் சுபாவத்தைக் காட்டிலும், அந்தச் சுபாவத்துக்கும் வீட்டார் அவனிடம் எதிர்பார்ப்பதற்கும் உள்ள பொருத்தம்தான் பிற்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

பிறவிச் சுபாவம் தலையெழுத்தும் அன்று. நான்கு மாதக் குழந்தைகளிடம் புதிய ஒலியையும் காட்சியையும் காட்டிப் பார்த்த உளவியலாளர் ஜெரோம் கேகன், ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுவதைக் கண்டார். அப்படி அழுத குழந்தைகளில் கூச்ச சுபாவம் பிற்காலத்தில் மிகுந்து காணப்பட்டது உண்மைதான். ஆனாலும் அவர்களில் பலர் அப்படி வளரவில்லை.

இனி உங்கள் மகனின் அந்த ஒரு நொடியைப் பாருங்கள். ஏமாற்றத்தையும் ஆபத்தையும் உடனே உணர்ந்து உடம்பைக் கிளப்பிவிடும் அமிக்டலா போன்ற பகுதிகள் பிறவியிலிருந்தே வேலை செய்கின்றன. அந்தக் கிளர்ச்சியைக் கட்டி நிறுத்தும் நெற்றிப்புற மூளையோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறு வயதில் குதிரைக்கு வலு இருக்கிறது, கடிவாளம் இன்னும் நூலாகத்தான் இருக்கிறது. சிறு பிள்ளைகள் அடம்பிடித்துக் கத்துவதை ஆராய்ந்த மைக்கேல் பொட்டேகல், அதில் கோபம், துயரம் என்னும் இரண்டு இழைகள் பின்னியிருப்பதைக் கண்டார். கோபம் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய்த் தணிகிறது, துயரம் தொடர்ந்து கூடவே ஓடுகிறது. பெரும்பாலான அடம் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் அதட்டலை நிறுத்தியதும் அழுகை மேலே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அழுகை அப்போது புதிதாகத் தோன்றவில்லை. கோபத்துக்கு அடியில் முன்பே இருந்தது. அந்த நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது. அருகில் அமைதியாக இருக்கும் ஒருவரின் உடம்பும் குரலும்தான் ஏறும்.

மறக்காமல் பார்க்க வேண்டிய ஒன்று தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. தூக்கம் குறைந்த பிள்ளையிடம் கடிவாளம்தான் முதலில் தளர்கிறது.

ஆட்டங்களைப் பரணில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை வேறு யாரேனும் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

---

கரும்பலகை

அந்தக் காரணத்தை நான் சொல்ல முயல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அந்த நாள்களில் பெரும்பகுதியை இடைவேளையில் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே கழித்திருக்கிறேன்.

கட்டிப்புரண்டு விளையாடும் இரண்டு பிள்ளைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் சண்டை என்றே தோன்றும். அருகே போய்ப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வாய் திறந்திருக்கும், பல் இறுகியிருக்காது. ஓங்கும் கை விரிந்திருக்கும், முட்டி மடங்கியிருக்காது. மேலே இருந்தவன் சிறிது நேரத்தில் தானாகவே கீழே புரண்டு கொடுப்பான். முடிந்ததும் இருவரும் ஒன்றாகவே எழுந்து போவார்கள்; சண்டை என்றால் ஆளுக்கொரு திசையில் போவார்கள். இந்த நான்கையும் கவனிக்கப் பழகிய பிறகு, நான் ஓடிப்போய்ப் பிரித்துவிடும் தருணங்கள் மிகவும் குறைந்துவிட்டன.

இதை மனிதக் குட்டிகள் மட்டும் செய்வதில்லை. உணர்ச்சிகளின் மூளை வேர்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட ஜாக் பாங்க்செப், பாலூட்டிகளின் மூளைக்கு உரிய ஏழு அடிப்படை உணர்ச்சி அமைப்புகளைப் பட்டியலிட்டபோது, அச்சம், சினம், பிரிவுத்துயர் ஆகியவற்றோடு விளையாட்டையும் ஒன்றாகச் சேர்த்தார். எலிக்குட்டிகள் விளையாடும்போதும், கையால் கிச்சுகிச்சு மூட்டும்போதும், மனிதக் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுவதை அவர் குழுவினர் பதிவுசெய்தார்கள். பிறந்த சில நாள்களிலேயே பெருமூளைப் புறணி, அதாவது சிந்தனைக்குரிய மேலடுக்கு, நீக்கப்பட்ட எலிக்குட்டிகள்கூட வளர்ந்து விளையாடின என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. விளையாடும் வேட்கை மூளையின் ஆழத்தில், சிந்தனைக்கும் கீழே, பசியும் தூக்கமும் இருக்கும் அடுக்கில் இருக்கிறது என்பதல்லவா இதன் பொருள்?

புறணி இல்லாமலேயே ஆடலாம். ஆனால் ஆடுவதால் புறணி மாறுகிறது. கனடாவில் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செர்ஜியோ பெல்லிஸ், விவியன் பெல்லிஸ் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் இதைத்தான் காட்டினார்கள். சம வயதுத் துணையோடு ஆடி வளர்ந்த எலிகளுக்கும், விளையாட வராத வளர்ந்த எலியோடு மட்டும் வைக்கப்பட்ட எலிகளுக்கும் நெற்றிப்புற மூளையின் நரம்புக் கிளைகள் வேறுவிதமாக அமைந்தன. ஆடிய எலிகளிடம் அக்கிளைகள் செடியைக் கத்தரித்துச் சீராக்கியதைப் போலக் குறைந்து செம்மைப்பட்டிருந்தன. முந்தைய பதிவில் மருத்துவர் ஐயா கடிவாளம் என்று சொன்னாரே, அந்தக் கடிவாளத்தை முறுக்கும் பட்டறைகளில் ஒன்று விளையாட்டு என்பதே என் நம்பிக்கை. உங்கள் மகன் மறுபடியும் ஆட வந்தான் அல்லவா? அங்கேதான் அவன் உழைத்துக்கொண்டிருக்கிறான்.

---

கேள்விக்குறி

மேற்கண்ட பதிவுகளை ஆர்வத்தோடு படித்தேன். ஆயினும் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எலி வேறு, பிள்ளை வேறு என்பது எல்லோரும் அறிந்ததுதான். அதைவிடச் சிக்கலானது, பிள்ளைகளைப் பற்றிய பல ஆய்வுகள் எது காரணம், எது விளைவு என்பதைப் பிரித்துக் காட்டுவதில்லை என்பது. நன்றாக விளையாடும் பிள்ளை உணர்ச்சியை நன்றாக அடக்குகிறான் என்றால், விளையாட்டு அவனுக்கு அடக்கத்தைக் கற்பித்ததா? அடக்கம் உள்ளவனைத்தான் மற்றவர்கள் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டார்களா? ஆஞ்சலின் லில்லார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் பாவனை விளையாட்டு பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கிப் பார்த்தபோது, அது பிள்ளைகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாத காரணம் என்னும் உறுதியான கூற்றைச் சான்றுகள் தாங்கவில்லை என்றே முடிவுக்கு வந்தார்கள். விளையாட்டை மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுத்தால், பலன் தெரியாதபோது பெற்றோர் மீண்டும் தங்களையே நொந்துகொள்வார்கள்.

இன்னொன்று, மாலைநேரம் அவர்களுக்கு. "பொங்குகிறவன்" என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் நம் கண் அதையே தேடும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஹூவர், மிலிக் என்னும் இருவர் ஐந்து முதல் ஏழு வயதுள்ள ஆண் பிள்ளைகள் அனைவருக்கும் சர்க்கரையே இல்லாத இனிப்புப் பானத்தைக் கொடுத்தார்கள். பாதித் தாய்மாரிடம் மட்டும், பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை துறுதுறுவென்று அடங்காமல் இருப்பதாக மதிப்பிட்டதோடு நிற்கவில்லை. அவனை அதிகம் குறையும் சொன்னார்கள். பிள்ளைக்குள் எதுவும் மாறவில்லை. தாயின் காதில் விழுந்த ஒரு சொல்லே அந்த அறையின் சூழலை மாற்றியது.

---

கரும்பலகை

கேள்விக்குறி அவர்களின் எச்சரிக்கையை முழு மனத்தோடு ஏற்கிறேன். கடைசியில் சொன்ன ஆய்வு எங்கள் ஆசிரியர் அறைக்கும் அப்படியே பொருந்தும். ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எலி ஆய்வில் எந்தக் குட்டி யாரோடு வளர வேண்டும் என்பதை ஆய்வாளரே பங்கிட்டார் என்பதால், காரணமும் விளைவும் இடம் மாறும் குழப்பம் அங்கே எழாது. பிள்ளைகளிடமும் அப்படிப் பங்கிட்டுச் செய்த ஆய்வுகள் உண்டு. 2017இல் வெளியான ஒன்றில், நான்கு வயதும் ஆறு வயதும் உள்ள 180 பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்று பத்து நிமிடத்துக்குக் கொடுக்கப்பட்டது. அருகிலேயே கவர்ச்சியான கணினி விளையாட்டும் இருந்தது. "நான் உழைக்கிறேனா?" என்று கேட்டுக்கொண்ட பிள்ளைகளைவிட, பேட்மேன் போன்ற ஒரு நாயகனின் வேடம் புனைந்து, "பேட்மேன் உழைக்கிறாரா?" என்று தம்மையே கேட்டுக்கொண்ட பிள்ளைகள் அதிக நேரம் வேலையில் நிலைத்தார்கள். விளையாட்டு சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னொருவராக ஆகும்போது பிள்ளைக்குத் தன்னிடமிருந்து ஓர் அடி விலகி நிற்க இடம் கிடைக்கிறது.

---

மூத்தவள்

மகளே, நான் ஆய்வு எதுவும் படித்தவள் இல்லை. பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளை வளர்த்து, இப்போது கொள்ளுப்பேத்தியோடு தரையில் உட்கார்ந்திருப்பவள்.

நான்கு வயதில் அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். மருத்துவமனையில் வீறிட்டவள், வீட்டுக்கு வந்து ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலையில் துணிப்பொம்மையை மடியில் குப்புறப் போட்டு, பென்சிலை எடுத்துக் குத்தினாள். "அழக்கூடாது" என்று முதலில் அதட்டினாள். மூன்றாம் நாள், "வலிக்கும், கொஞ்சம்தான் வலிக்கும்" என்றாள். ஆறாம் நாள் பொம்மையைத் தோளில் சாய்த்து, "அழு, அழுதுகொள்" என்று முதுகைத் தடவினாள். அதன் பிறகு அந்த ஆட்டம் நின்றுவிட்டது. யாரும் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஆறு நாளும் குறுக்கே பேசாமல் இருந்தது மட்டும்தான் நான் செய்தது.

---

கேள்விக்குறி

மூத்தவள் அம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். சான்று போதாது என்று நான் சொன்னது பொதுவிதியைப் பற்றியே. அந்த ஆறு நாள்களைப் பற்றி அன்று.

---

மாலைநேரம்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூத்தவள் அம்மா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆண் பிள்ளை என்பதால்தான் இவ்வளவு முரட்டுத்தனமா? இரண்டாவது, நாங்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தால் அது பொய்யைக் கற்பிப்பதாகாதா? மூன்றாவது, இரவில் அப்பாவும் மகனும் மெத்தையில் மல்லுக்கட்டுகிறார்கள். பிறகு அவன் வெகுநேரம் தூங்குவதே இல்லை. அதை நிறுத்திவிடுவது நல்லதா?

---

குழந்தைநலம்

ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கட்டிப்புரளும் விளையாட்டு சராசரியாக ஆண் பிள்ளைகளிடம் அதிகம் என்பது உண்மைதான். பல குரங்கினங்களின் குட்டிகளிடமும் அவ்வாறே காண்கிறோம். இதில் ஹார்மோனுக்கும் பங்கு இருக்கிறது. அட்ரினல் சுரப்பியின் ஒரு பிறவிக் கோளாறால் கருவிலேயே ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்பால் ஹார்மோனின் மிகுதிக்கு உள்ளான பெண் குழந்தைகள், வண்டிகள் போன்ற ஆண் பிள்ளைகளின் வழக்கமான பொம்மைகளை மற்றப் பெண் குழந்தைகளைவிட அதிகம் நாடுவது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் சராசரி என்பது தனிப் பிள்ளையைக் குறித்த வாக்கு அன்று. இரு பாலாரின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கின்றன. "ஆண் பிள்ளை அப்படித்தான்" என்னும் சொல்லில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவன் அடிப்பதை அது மன்னித்துவிடுகிறது, கட்டிலுக்கு அடியில் அவன் அழுததையோ காணாமலே போய்விடுகிறது. உங்கள் மகளுக்கும் மல்லுக்கட்டத் தோன்றலாம். அவளையும் மெத்தைக்கு அழையுங்கள்.

தோற்றுக்கொடுப்பதைப் பற்றி: வலுவான விலங்கு தன் வலுவைக் குறைத்துக்கொண்டு ஆடுவது விளையாட்டின் இயல்பு. பெரிய நாய் சிறிய நாயின் முன் தானே மல்லாந்து படுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். எப்போதும் ஒருவனே வென்றால் மற்றவன் ஆட வரமாட்டான், ஆட்டமும் செத்துவிடும். ஆகவே வலுவைக் குறைத்து ஆடுவது ஏமாற்று ஆகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவனே வெல்லும்படி செய்தால், தோல்வி என்னும் சிறு வலியைப் பாதுகாப்பான இடத்தில் சந்திக்கும் வாய்ப்பை அவனிடமிருந்து பறிக்கிறோம். கொஞ்சம் வெல்லட்டும், கொஞ்சம் தோற்கட்டும். நீங்கள் தோற்கும்போது உங்கள் ஏமாற்றத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சே, இவ்வளவு தூரம் வந்து விழுந்துவிட்டேனே, நெஞ்சு படபடக்கிறது" என்று. அந்தப் படபடப்புக்குப் பெயர் உண்டு, அது பெரியவர்களுக்கும் வரும், வந்து போய்விடும் என்பதை அவன் அங்கே கேட்கிறான்.

மல்லுக்கட்டை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். இதயத் துடிப்பை ஏற்றும் எதுவும் இறங்குவதற்கு நேரம் கேட்கும் என்பதால், அதை மாலைக்குக் கொண்டுவாருங்கள். "சிலை" என்று யார் சொன்னாலும் இருவரும் அசையாமல் உறைந்துவிட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மகன் சொன்னாலும் அப்பா உறைய வேண்டும். முழு வேகத்தில் இருக்கும்போதே நிற்பதைப் பழக, இதைவிட இனிய வழி எனக்குத் தெரியவில்லை.

அவன் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, நாள்தோறும் பலமுறை வெடித்து எவர் அருகில் இருந்தும் அடங்க முடியாமல் போனாலோ, விளையாட்டிலேயே ஆர்வம் இழந்தாலோ தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியவற்றில் அப்படி எதையும் நான் காணவில்லை.

---

கரும்பலகை

"சிலை" விதியை ஒட்டி ஒன்றைச் சேர்க்கிறேன். 1940களில் சோவியத் உளவியலாளர் மனுய்லென்கோ, சிறு பிள்ளைகளிடம் அசையாமல் நிற்கும்படி வெறுமனே சொல்லியும், ஆட்டத்தில் காவல்காரனாக நிற்கும்படி சொல்லியும் பார்த்தார். காவல்காரனாக நின்ற பிள்ளைகள் அதிக நேரம் அசையாமல் நின்றார்கள். விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்று உளவியலாளர் வீகோட்ஸ்கி சொன்னதன் பொருளை, இந்த ஆய்வை அறிந்தபோதுதான் உணர்ந்தேன்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பணிபுரிந்த ஒரு பள்ளியில், வகுப்பில் அடங்காத பிள்ளைக்கு இடைவேளையை ரத்து செய்வதே வழக்கமான தண்டனை. தொடக்க ஆண்டுகளில் நானும் செய்திருக்கிறேன். அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். அடக்கம் குறைந்த பிள்ளையிடமிருந்து, அடக்கத்தைப் பழகும் அரைமணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டோம். தண்டனையாகவோ பாடத்தை முடிப்பதற்காகவோ இடைவேளையைப் பறிக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013இல் வெளிப்படையாகவே அறிவித்தது. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையை நன்னடத்தைக்குப் பரிசாகக் கொடுப்பதும், குற்றத்துக்காகப் பறிப்பதும் எப்படிச் சரியாகும்?

---

மாலைநேரம்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மல்லுக்கட்டு மாலைக்கு மாறிவிட்டது. மகளும் சேர்ந்துகொண்டாள், "சிலை" என்று அதிகம் கத்துபவள் அவள்தான்.

முந்தாநாள் மறுபடியும் அதே 98ஆம் கட்டம், அதே பாம்பு. அவன் கை அட்டையின் விளிம்புக்குப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை அங்கேயே நின்றது. பிறகு அவன் தரையில் குப்புறப் படுத்து, "நான்தான் இப்போது பாம்பு" என்று சீறிக்கொண்டே அக்காளின் காலை நோக்கி ஊர்ந்தான். அவள் வீறிட்டுச் சிரித்தாள். கூடத்தை இரண்டு முறை ஊர்ந்து சுற்றி வந்து, மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, தன் காயைத் தானே வால் இருந்த கட்டத்தில் இறக்கி வைத்தான்.

நேற்று மீண்டும் அட்டையைக் கவிழ்த்தான். இம்முறை மடிப்பில் கிழிந்தும் விட்டது. நான் எதுவும் சொல்லாமல் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, "ஒட்டும் நாடா எங்கே இருக்கிறது?" என்று கேட்டது. இருவரும் சேர்ந்து ஒட்டினார்கள். பாம்பின் தலை கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டதால், அது இப்போது 97ஆம் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கட்டத்தில் விழுந்தால் கடிக்கும் என்பதில் இருவருக்கும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.